பாக வரைபடத்தில் எதை எழுதுவது, எதை விடுவது?

இயந்திர வடிவமைப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: தனியொரு பாகத்துக்கான வரைபடத்தில் என்னென்ன தகவல்கள் இருக்க வேண்டும்? அவருடைய மேலாளர், "தெரிந்ததையெல்லாம் எழுதிவிடு, பிறகு யாரும் குறை சொல்ல முடியாது" என்கிறாராம். பட்டறையிலோ, "இதில் பாதி எங்களுக்குத் தேவையே இல்லை" என்கிறார்களாம். பக்கத்து மேசை நண்பர், முப்பரிமாண மாடலை அனுப்பினால் போதும், வரைபடமே வேண்டாம் என்கிறாராம்.

மூன்றில் எனக்கு அதிகக் கவலை தருவது மேலாளர் சொல்வதுதான். குறையான வரைபடம் போனால் பட்டறையிலிருந்து தொலைபேசி வரும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அளவுக்கு மீறி எழுதிய வரைபடத்தில் இரண்டு வரிகள் ஒன்றையொன்று மறுக்கும். படிப்பவர் தமக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்வார், யாரையும் கேட்க மாட்டார். பாகங்கள் வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

பாக வரைபடம் என்பது செய்து முடித்த பாகம் எப்படி இருந்தால் ஏற்றுக்கொள்ளப்படும் என்று சொல்லும் ஒப்பந்தம். ஆகவே எந்தத் தகவலையும் சேர்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். உங்களைப் பார்த்தேயிராத ஓர் ஆய்வாளர், கையில் பாகத்தையும் வரைபடத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, அந்த வரியைப் படித்து "ஏற்கிறேன்" அல்லது "தள்ளுகிறேன்" என்று முடிவு சொல்ல முடியுமா? இது முதல் கேள்வி. அந்தத் தகவல் நாளை மாறினால் பாகமும் மாறுமா? இது இரண்டாவது. இரண்டுக்கும் ஆம் என்றால் வரைபடத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் அதற்கு வேறு இடம் இருக்கும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். 6205 எண் கொண்ட பால் பேரிங்கைத் தாங்கும் ஓர் அலுமினியக் கூடு. அந்த பேரிங்கின் வெளிவிட்டம் 52 மி.மீ., உள்விட்டம் 25, அகலம் 15. கூட்டின் நடுவில் பேரிங் உட்காரும் துளை, சுற்றி நான்கு போல்ட் துளைகள், அடியில் இயந்திரத்தின் மேல் பொருந்தும் தட்டையான முகம். அவ்வளவுதான் பாகம்.

முதலில் தலைப்புக் கட்டம், தாளின் வலப்புற அடியில் இருப்பது. இதை விரைவாக முடித்துவிடலாம். பாகத்தின் பெயர், வரைபட எண், திருத்த எழுத்து, தாள் எண், மொத்தம் எத்தனை தாள்கள், உரிமையாளர், வரைந்தவர், ஒப்புதல் தந்தவர், வெளியிட்ட தேதி. இதில் உரிமையாளர், எண், தேதி, தாள் எண், தலைப்பு, ஒப்புதல் அளித்தவர், உருவாக்கியவர், ஆவண வகை ஆகியவற்றை ஐஎஸ்ஓ 7200 என்ற சர்வதேசத் தரநிலை கட்டாயம் என்கிறது. இவற்றோடு அலகு, அளவு விகிதம், பொருள், பொது டாலரன்ஸ் (தனியாக வரம்பு சொல்லாத அளவுகள் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது), எந்தத் தரநிலையின்படி படிக்க வேண்டும் என்பது, காட்சிகள் முதல் கோண முறையா மூன்றாம் கோண முறையா (பக்கக் காட்சிகளைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் வேறுபடும் இரு வழக்கங்கள்) என்று காட்டும் குறியீடு. எண்ணும் திருத்த எழுத்தும் முதல் தாளில் மட்டும் இருந்தால் போதாது, ஒவ்வொரு தாளிலும் இருக்க வேண்டும். அச்செடுத்த தாள்கள் பிரிந்து திரியும். இரண்டாம் தாள் பழைய திருத்தமும் முதல் தாள் புதிய திருத்தமுமாக ஒரே கிளிப்பில் இருப்பதைப் பட்டறைகளில் பார்க்கலாம்.

அந்தக் கோணக் குறியீட்டை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் கோண முறையில் வரைந்ததை மூன்றாம் கோணம் என்று படித்தால், வலப்பக்கக் காட்சி இடப்பக்கக் காட்சியாகிவிடும். நம் பேரிங் கூடு சமச்சீரானது, தப்பித்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் எண்ணெய்த் துளை வைத்தால் தப்பிக்காது. எல்லா அளவும் சரியாக, கண்ணாடியில் தெரியும் பிம்பமாக ஒரு பாகம் வந்து சேரும். மூலையில் சிறிதாக ஒரு சாய்வுக் காட்சி வைப்பது இதற்கு நல்ல காப்பு. அதில் அளவு எதுவும் எழுத வேண்டாம், பார்வைக்கு மட்டும்.

அடுத்தது பொருள். "அலுமினியம்" என்று எழுதுவது ஒன்றும் எழுதாததற்குச் சமம். "6061" என்பதும் பாதிதான். அதே 6061 உலோகம், பதப்படுத்தி மென்மையாக்கிய ஓ நிலையில் ஏறத்தாழ 55 மெகாபாஸ்கலில் நெகிழத் தொடங்கிவிடும். டி6 நிலையில் ஏறத்தாழ 275 வரை தாங்கும். ஐந்து மடங்கு வேறுபாடு, கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆகவே உலோகக் கலவை, அதன் நிலை, எந்தத் தரநிலைப்படி என்பது மூன்றும் வேண்டும். மாற்றுப் பொருள் ஏதாவது ஏற்புடையது என்றால் அதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். "அல்லது அதற்கு இணையானது" என்று எழுதினால், எது இணை என்று முடிவு செய்யும் பொறுப்பை விலை குறைவாக வாங்க நினைப்பவரிடம் ஒப்படைத்துவிட்டீர்கள்.

எஃகுப் பாகமாக இருந்தால் கடினத்தன்மையும் சேரும். அதை ஒரே எண்ணாக எழுதக் கூடாது, வரம்பாக எழுத வேண்டும். மேற்பரப்பை மட்டும் கடினப்படுத்துவது என்றால் "58 முதல் 62 எச்ஆர்சி" (ராக்வெல் கடின அளவுகோல்) என்பதோடு நிறுத்தினால் ஆய்வாளருக்கு ஆழம் தெரியாது. எந்த ஆழம் வரை, அந்த ஆழத்தில் எவ்வளவு கடினம், கிரைண்டிங் செய்வதற்கு முன்பா பின்பா, பாகத்தின் எந்தப் பகுதியில் அளக்க வேண்டும் என்பதெல்லாம் இருந்தால்தான் அது ஒரு தேவை. விக்கர்ஸ் என்ற இன்னோர் அளவுகோலில் 550 கடினம் எந்த ஆழம் வரை இருக்கிறதோ அதை ஆழம் என்று கொள்வது வழக்கம். அதையும் எழுதிவிட்டால் வாதமே வராது.

இனி அளவுகள். விஷயத்தின் நடுப்பகுதி இதுதான். தகராறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

ஒவ்வோர் அளவையும் ஒரே ஒரு முறைதான் எழுத வேண்டும். இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்லும் விதி இல்லை. ஒரு தகட்டில் நான்கு துளைகள் வரிசையாக, ஒன்றுக்கொன்று 25 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன என்று வையுங்கள். மூன்று 25 எழுதுகிறீர்கள். உதவியாக இருக்கட்டும் என்று முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் இடையே 75 என்றும் எழுதுகிறீர்கள். பொது டாலரன்ஸ் ஐஎஸ்ஓ 2768, நடுத்தர வகுப்பு. அந்த அட்டவணைப்படி 6க்கு மேல் 30 வரையிலான நீளத்துக்கு ±0.2, 30க்கு மேல் 120 வரை ±0.3. மூன்று இடைவெளிகளும் 25.2 என்று வந்தால் ஒவ்வொன்றும் சரி. கூட்டினால் 75.6. ஆனால் 75 என்று எழுதிய அளவு 75.3 வரைதான் அனுமதிக்கிறது. பாகம் ஏற்கத்தக்கதா, தள்ளத்தக்கதா? வரைபடம் இரண்டையும் சொல்கிறது. தகவலுக்காக மட்டும் அந்த 75 வேண்டும் என்றால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அடைப்புக்குறிக்குள் உள்ள அளவை வைத்து யாரும் பாகத்தைத் தள்ள மாட்டார்கள். அந்த 75தான் முக்கியம் என்றால் எல்லாத் துளைகளையும் ஒரே அடிப்படையிலிருந்து அளவிடுங்கள்.

எந்த அடிப்படை என்பது அடுத்த கேள்வி. டேட்டம் என்று சொல்கிறோமே, அதைப் பாகம் வேலை செய்யும் விதத்திலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். மென்பொருளில் ஆரம்பப் புள்ளி எங்கே விழுந்ததோ அங்கிருந்து அளவு போடுவது புதியவர்களின் வழக்கம், பழையவர்களிடமும் உண்டு. நம் பேரிங் கூட்டை எடுங்கள். இயந்திரத்தின் மேல் உட்காருவது அடிமுகம். ஆகவே அது முதல் டேட்டம். தண்டு போகும் அச்சைத் தீர்மானிப்பது 52 மி.மீ. துளை. அது அடிமுகத்துக்குச் செங்குத்தாக 0.02க்குள் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அதையே இரண்டாம் டேட்டமாக்கலாம். போல்ட் துளைகளின் இடம் இந்த இரண்டிலிருந்து கணக்கிடப்படும். கூட்டின் வெளி விளிம்பு எதனோடும் பொருந்துவதில்லை. அதற்குப் பொது டாலரன்ஸ் போதும், வார்ப்பு முகமாகவே விட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. விளிம்பிலிருந்து போல்ட் துளைகளுக்கு அளவு போட்டிருந்தால், வேலையற்ற அந்த விளிம்பைத் துல்லியமாகக் கடைய வேண்டியிருக்கும். அதற்கான செலவு உங்களுடையது.

அந்த நான்கு துளைகளுக்கு எவ்வளவு டாலரன்ஸ் தருவது? "எப்போதும் போல ±0.1" என்று போடுவதுதான் நடக்கிறது. கணக்கு எளிது, போட்டுப் பாருங்கள். போல்ட் எம்6, அதாவது 6 மி.மீ. விட்டமுள்ளது. துளை 6.6, அதாவது எம்6க்கு நடுத்தர இடைவெளியில் வழக்கமாக வரும் அளவு. போல்ட்டுக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி 0.6. போல்ட் போய்ச் சேரும் இடத்தில் மரைத் துளை இருக்கிறது. அங்கே அது நகர இடமில்லை. ஆகவே அந்த 0.6ஐ இரண்டு பாகங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்: ஒவ்வொன்றிலும் துளையின் மையம் 0.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் இருந்தால் எந்த ஜோடியும் பொருந்தும். இரண்டு பக்கமும் வெறும் துளையாக இருந்து நட்டு போட்டு இறுக்குவது என்றால் ஒவ்வொன்றுக்கும் முழு 0.6ம் கிடைக்கும். இங்கே ±0.1 என்பது காரணமில்லாத கஞ்சத்தனம்.

வட்டம் என்றேன், அதற்கும் காரணம் இருக்கிறது. குறுக்கும் நெடுக்கும் ±0.1 என்று எழுதினால் அனுமதிக்கப்பட்ட இடம் 0.2 பக்கமுள்ள சதுரம். அதன் மூலையில் மையம் விழுந்தால் சரியான இடத்திலிருந்து 0.14 தள்ளியிருக்கிறது, அது ஏற்கப்படுகிறது. நேர் வலப்பக்கம் 0.12 தள்ளியிருந்தால் நிராகரிக்கப்படுகிறது. போல்ட்டுக்குத் திசை தெரியாது. மூலைகளைத் தொடும் வட்டத்தைக் கொடுத்தால் அனுமதிக்கப்படும் பரப்பு சதுரத்தைவிட 57 சதவீதம் அதிகம், பொருந்தும் தன்மையில் குறைவு எதுவும் இல்லை. இந்த வட்டத்தைக் கேட்கும் இடநிலை டாலரன்ஸ் குறியீடு கடினமாகத் தெரிகிறது என்று அதைத் தவிர்ப்பவர்கள், நல்ல பாகங்களைக் கழிவுக் கூடையில் போடும் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது 52 மி.மீ. துளை. "52 எச்7" என்று எழுதுகிறோம், 52.000க்கும் 52.030க்கும் இடையில் இருக்கலாம் என்று பொருள். எச்7 என்பதோடு அந்த வரம்பு எண்களையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். லேத்தில் நிற்பவர் அட்டவணை தேடக் கூடாது. 30 மைக்ரான்தான் (0.030 மி.மீ.) மொத்த இடம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் வரைபடத்தில் எழுதாமல் விடும் மூன்று விஷயங்கள் இந்த 30 மைக்ரானைத் தின்றுவிடும்.

ஒன்று, மேற்பூச்சு. அந்தக் கூட்டுக்குக் கடின அனோடைசிங் (மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் வளர்ப்பது) 50 மைக்ரான் என்று குறிப்பில் ஒரு வரி எழுதினீர்கள் என்று வையுங்கள். அந்தப் படலத்தில் பாதி உலோகத்துக்குள் போகும், பாதி வெளியே வளரும். சுவருக்கு 25 மைக்ரான், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விட்டம் 50 மைக்ரான் சுருங்கும். மிகச் சரியாக 52.015க்குக் கடைந்த துளை, பூச்சுக்குப் பிறகு 51.965. பேரிங் உள்ளே போகாது. கடைந்தவர் தன் அளவுத் தாளைக் காட்டுவார், பூச்சு போட்டவர் தன் தடிமன் அறிக்கையைக் காட்டுவார், இருவரும் சரி. "அளவுகள் யாவும் பூச்சுக்குப் பிந்தையவை" என்றோ, "இந்தத் துளையில் பூச்சு கூடாது" என்றோ ஒரு வரி இருந்திருந்தால் போதும். மரைகளில் இது இன்னும் மோசம்: 60 டிகிரி மரையின் மேல் முலாம் ஏறினால், அதன் நடுவிட்டம் முலாம் தடிமனைப் போல நான்கு மடங்கு கூடும். 8 மைக்ரான் துத்தநாகம் 32 மைக்ரானாக வந்து நிற்கும்.

இரண்டு, வெப்பநிலை. அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில் என்பது உலகளாவிய ஏற்பாடு. ஐஎஸ்ஓவின் முதலாம் எண் தரநிலையே அதுதான். ஐஎஸ்ஓ தரநிலைகளின்படி என்று எழுதிவிட்டால் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 35 டிகிரி சூட்டில் அளந்தால் இந்த அலுமினியத் துளை ஏறத்தாழ 18 மைக்ரான் விரிந்திருக்கும். எஃகு கேஜும் அதே சூட்டில் இருந்தால் அதில் பாதியை ஈடுகட்டும். மீதி உங்கள் 30லிருந்து போகும். இவ்வளவு இறுக்கமான அளவைக் கேட்பதற்கு முன் எதிரில் அதை அளக்க வசதி இருக்கிறதா என்று யோசிப்பது வரைபவரின் வேலை.

மூன்று, எந்தத் தரநிலையின்படி படிப்பது என்பது. இதுதான் பலருக்குத் தெரியாதது. 25 மி.மீ. விட்டமும் 200 மி.மீ. நீளமும் உள்ள ஒரு தண்டு. எந்த இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்தாலும் விட்டம் வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் தண்டு லேசாக வளைந்திருக்கிறது. அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்எம்இ ஒய்14.5இன் முதல் விதிப்படி, விட்டத்தின் உச்ச வரம்பில் இருக்கும் தண்டு நேராகவும் இருந்தாக வேண்டும், வளைந்தால் தள்ளப்படும். ஐஎஸ்ஓ 8015இன்படி அளவும் வடிவமும் தனித்தனித் தேவைகள். நேர்த்தன்மையைத் தனியாகக் கேட்காவிட்டால் விட்டத்தை வைத்து மட்டும் அந்த வளைவைக் குறை சொல்ல முடியாது. விட்டத்தின் வரம்பே வளைவையும் தடுக்க வேண்டுமானால் அளவுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும். அதே தாள், அதே எண்கள், இரண்டு தீர்ப்புகள். ஆகவே "அளவுகளும் டாலரன்ஸும் இன்ன தரநிலைப்படி" என்ற வரி, தலைப்புக் கட்டத்தின் மிக முக்கியமான வரிகளில் ஒன்று.

தரநிலையின் ஆண்டையும் எழுதுங்கள். மேற்பரப்புச் சொரசொரப்புக்கு ஐஎஸ்ஓ 1302 என்று எழுதிக்கொண்டிருந்தோம்; 2021இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 21920 வந்தது. பழைய முறையில் ஒன்றும் சொல்லாவிட்டால் 16 சதவீத விதி: அளந்தவற்றில் அந்த அளவுக்குச் சில வரம்பைத் தாண்டினாலும் ஏற்கலாம். புதியதில் ஒன்றும் சொல்லாவிட்டால் எதுவும் தாண்டக் கூடாது. வடிவ, இடநிலைப் பொது டாலரன்ஸுக்கான ஐஎஸ்ஓ 2768இன் இரண்டாம் பகுதியும் விலக்கிக்கொள்ளப்பட்டு, 2021இல் ஐஎஸ்ஓ 22081 வந்திருக்கிறது. பழைய வார்ப்புருக் கோப்பைத் திறந்து "புதிதாகச் சேமி" என்று அழுத்தும்போது இதெல்லாம் கூடவே வந்துவிடுகிறது. யாரும் திரும்பப் படிப்பதில்லை.

சொரசொரப்பைப் பற்றி இவ்வளவு போதும்: தேவைப்படும் முகத்துக்கு மட்டும் கேளுங்கள். பேரிங் துளைக்கு ஆர்ஏ (சராசரிச் சொரசொரப்பு, மைக்ரானில்) 1.6, அடிமுகத்துக்கு 3.2, மற்றவற்றுக்கு மொத்தமாக ஒரு குறியீடு. "நல்ல பளபளப்பாக" என்று எழுதியிருந்தால் எவரும் அளக்க முடியாது.

மூலைகளும் விளிம்புகளும் அற்ப விஷயம் போலத் தெரியும். நம் கூட்டின் துளைக்கு அடியில் பேரிங் போய் முட்டும் படி ஒன்று இருக்கிறது. 6205இன் விளிம்பு வளைவு குறைந்தது 1 மி.மீ. ஆகவே படியின் உள்மூலை ஆரம் 1 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் பேரிங் மூலையில் முட்டிக்கொண்டு படியில் சரியாக உட்காராது. "ஆரம் 1" என்று எழுதினால் 1.2ம் பொது டாலரன்ஸுக்குள் வந்துவிடும். "அதிகபட்சம் 0.8" என்று எழுத வேண்டும். "கூர் மூலை" என்று எழுதுவதும் தவறு. எந்த வெட்டுக்கருவிக்கும் நுனி ஆரம் உண்டு, பூஜ்யம் கிடைக்காது. வெளி விளிம்புகளுக்கு "பிசிறு நீக்குக" என்பது விருப்பம்தான். "0.2 முதல் 0.5 வரை முனை மழுக்குக" என்பதுதான் தேவை.

மரைத் துளைகளில் வழக்கமாக விடுபடுவது ஆழம். "எம்6, ஆழம் 12" என்றால் முழு மரை 12 ஆழமா, டிரில் போட்டது 12 ஆழமா? டேப் என்ற மரை வெட்டும் கருவியின் நுனியில் மரை முழுதாக விழாது. டிரில் அதற்குக் கீழே இன்னும் போயாக வேண்டும். முழு மரை ஆழம் 12, டிரில் ஆழம் 17 என்று இரண்டையும் கொடுங்கள். அடியில் சுவர் மெல்லியதாக இருந்தால் டிரில் ஆழத்துக்கு உச்ச வரம்பும் வேண்டும். இடது மரையாக இருந்தால் அதைக் கண்ணில் படும்படி எழுதுங்கள்.

எதை எழுதக் கூடாது என்பதற்கு வருவோம். எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதாதீர்கள். ஏஎஸ்எம்இ ஒய்14.5 இதை அடிப்படை விதியாகவே வைத்திருக்கிறது: துளையின் விட்டத்தைச் சொல், டிரில்லா ரீமரா என்று சொல்லாதே. "ரீமர் போடுக" என்று எழுதினால், போரிங் செய்து அதைவிடத் துல்லியமாகக் கொண்டுவந்தவரின் பாகம்கூட வரைபடத்துக்கு மாறானது. விதிவிலக்கு உண்டு. முடிந்த பாகத்தைப் பார்த்து உறுதி செய்ய முடியாத வேலைகளுக்குச் செய்முறையே தேவையாகிவிடும். கடினப்படுத்திய எஃகுக்கு மின்முலாம் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பாரம் ஏறிய சில மணி நேரத்திலோ நாளிலோ திடீரென்று முறிக்கும். முலாம் போட்டவுடன் சூளையில் சுட வேண்டும் என்பதை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் சுட்டதும் சுடாததும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். எண்ணெய் சீல் ஓடும் தண்டில் கருவியின் சுருள் தடம் இருக்கக் கூடாது என்பதும் இப்படித்தான். அந்தத் தடம் எண்ணெயை வெளியே தள்ளும், ஆர்ஏ எண் மட்டும் அதைக் காட்டிக்கொடுக்காது.

ஓர் இயந்திரத்துக்கு எத்தனை தேவை என்ற எண்ணிக்கையும், எந்த இயந்திரத்தில் பயன்படுகிறது என்பதும் பாக வரைபடத்துக்கு உரியவை அல்ல. மேலாளர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: அதே கூடு இன்னோர் இயந்திரத்திலும் இரண்டு வேண்டும் என்றால், பாகத்தில் ஓர் இம்மிகூட மாறாமல் வரைபடத்தைத் திருத்தி, ஒப்புதல் வாங்கி, எல்லாருக்கும் மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். எண்ணிக்கை, பாகப் பட்டியலின் வேலை. விலை, விற்பனையாளர் பெயர், எந்த இயந்திரத்தில் ஓட்டுவது, கணினிக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது, இந்த அளவை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்ற கணக்கு, எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். காரணங்கள் வடிவமைப்புக் குறிப்பேட்டில் இருக்கட்டும். அவை அரிய சொத்து, ஆனால் ஒப்பந்தத்தின் பகுதி இல்லை.

திருத்தப் பட்டியலில் "திருத்தப்பட்டது" என்று மட்டும் எழுதுபவர்களுக்கு என்ன சொல்வது? எந்த அளவு எதிலிருந்து எதற்கு மாறியது, தாளில் எங்கே, யார் ஒப்புதலில், எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். திருத்த எழுத்தா, புது எண்ணா என்பதற்கு ஒரு நல்ல உரைகல்: பழைய பாகமும் புதிய பாகமும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தால் பரவாயில்லையா? இல்லை என்றால் புது எண் கொடுங்கள். 52 துளையை 62 ஆக்கிவிட்டுத் திருத்த எழுத்தை மட்டும் மாற்றினால், கிடங்கில் ஒரே எண்ணில் இரண்டு பாகங்கள் இருக்கும்.

பழைய வடிவமைப்பை எடுத்தாளும்போதும் கவனம் வேண்டும். சூரியக் காற்றின் துகள்களைச் சேகரித்துக்கொண்டு 2004 செப்டம்பர் 8 அன்று பூமிக்குத் திரும்பிய நாசாவின் ஜெனிசிஸ் கலத்தில் பாராசூட் விரியவே இல்லை. யூட்டா பாலைவனத்தில் மோதி உடைந்தது. வேகக் குறைவை உணர்ந்து பாராசூட்டை இயக்க வேண்டிய சிறு சுவிட்சுகள் தலைகீழ்த் திசையில் இருந்தன. பொருத்தியவர்கள் பிழை செய்யவில்லை. வடிவமைப்பே அப்படித்தான் இருந்தது. ஸ்டார்டஸ்ட் என்ற முந்தைய கலத்திலிருந்து எடுத்தாண்ட வடிவமைப்பு என்பதால் சோதனையும் தளர்ந்துபோனது. திசை முக்கியமான பாகத்தில் அந்தத் திசையைக் காட்டும் அம்புக்குறியோ முத்திரையோ பாகத்தின் மேலேயே இருக்க வேண்டும் என்று கேட்பதும், அது எங்கே, எந்த அளவில், எப்படிப் பதிய வேண்டும் என்பதும் வரைபடத்துக்குரிய தகவல்தான்.

முப்பரிமாண மாடல் மட்டும் போதுமா என்ற நண்பருக்கு: போதும் காலம் வந்துகொண்டிருக்கிறது. ஏஎஸ்எம்இ ஒய்14.41 என்ற தரநிலை 2003லேயே வந்துவிட்டது. டாலரன்ஸையும் குறிப்புகளையும் மாடலிலேயே ஒட்டி அனுப்ப முடியும். ஆனால் நடைமுறையில் பெரும்பாலோர் அனுப்பும் ஸ்டெப் கோப்பில் (மாடலைப் பரிமாறிக்கொள்ளும் பொதுக் கோப்பு வகை) இருப்பது வெறும் வடிவம். அதில் அந்தத் துளை 52.000 என்று இருக்கும். நிரல் எழுதுபவர் அதை அப்படியே ஓட்டினால் இயந்திரம் வரம்பின் கீழ் விளிம்பைக் குறிவைக்கும். இயல்பான ஏற்ற இறக்கத்திலேயே ஏறத்தாழப் பாதித் துளைகள் சிறிதாகப் போகும். பொருள், கடினம், பூச்சு எதுவும் அதில் இருக்காது.

சிக்கலான வளைவுகள் உள்ள பாகத்துக்கு இரண்டையும் சேர்த்து அனுப்புவதே நல்லது. அப்போது வரைபடத்தில் மூன்று விஷயங்கள் வேண்டும்: மாடல் கோப்பின் பெயரும் திருத்தமும்; இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்பது; அளவு எழுதாத பரப்புகளுக்கு, குறிப்பிட்ட டேட்டங்களிலிருந்து இத்தனை மி.மீ. வடிவ டாலரன்ஸ் என்பது. இந்தக் கடைசி வரி இருந்தால் தாள் முழுக்க அளவு போட வேண்டியதில்லை. பொருந்தும் துளைகள், மரைகள், டேட்டங்கள் மட்டும் எழுதினால் போதும். தாள் காலியாகத் தெரிகிறதே என்று மேலாளர் கேட்டால், அந்தக் கூட்டின் வரைபடத்தையும் ஒரு பாகத்தையும் ஆய்வாளரிடம் கொடுத்து, எந்தெந்த வரியில் தனக்குச் சந்தேகம் வருகிறது என்று சிவப்புப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். சேர்க்க வேண்டியது அந்த இடங்களில் மட்டும்தான்.